கரண்ட் போனால் காசு யார் தருவார்?

நம்ம ஊரில் மின்சாரம் நிற்பதற்கு ஒரே பெயர்தான்: "கரண்ட் போச்சு". டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தாலும் கரண்ட் போச்சு, மரம் விழுந்து கம்பி அறுந்தாலும் கரண்ட் போச்சு, சப் ஸ்டேஷனில் யாரோ சுவிட்சை இறக்கினாலும் கரண்ட் போச்சு. நான் இப்போது வேலை பார்க்கும் ஆக்ராவில் "லைட் சலி கயீ" என்பார்கள். இங்கேயும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாக்கியம்தான். ஆனால் இன்ஷூரன்ஸ் பாலிசியில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு சமாச்சாரம். ஒன்றுக்குப் பணம் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, இன்ஷூரன்ஸ்காரனும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, பெரும்பாலும் சிறுதொழில் கடன் ஃபைல்களோடு காலம் தள்ளுபவன். அந்த ஃபைல்களில் இன்ஷூரன்ஸ் பாலிசி கட்டாயம் இருக்கும். ப்ரீமியத்தைக் கடன் கணக்கில் பற்று வைத்து, பாலிசியில் வங்கியின் பெயரையும் சேர்த்து, ஃபைலில் குத்தி வைப்போம். கடன் வாங்கியவரிடம் அதைப் பற்றிக் கேட்டால் "இன்ஷூரன்ஸ் இருக்கு சார்" என்பார். எதற்கு இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. தப்பு அவருடையது இல்லை. அந்த வாசகங்கள் அப்படி.

லாபத்துக்கு இன்ஷூரன்ஸ்

தீ இன்ஷூரன்ஸ் பழைய சங்கதி. 1666-ல் லண்டன் பற்றி எரிந்த பிறகு அங்கே ஆரம்பித்த வியாபாரம். கட்டடம் எரிந்தால் கட்டடத்தின் விலை, சரக்கு எரிந்தால் சரக்கின் விலை. அவ்வளவுதான். எரிந்த ஆலையை மறுபடி கட்ட ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் விற்பனை கிடையாது. ஆனால் கடன் வட்டி ஓடும், முக்கியமான ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், வாடகையும் நிற்காது. இந்த நஷ்டத்துக்கு ரொம்ப காலம் உருப்படியான பாலிசி இல்லை. சொத்து நஷ்டத்தில் இத்தனை சதவீதம் என்று குத்துமதிப்பாகக் கொடுக்கும் முறைகள்தான் ஐரோப்பாவில் இருந்தன.

19-ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் லுடோவிக் மான் என்பவர் இதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தார். அக்கவுண்டன்ட், இன்ஷூரன்ஸ் புரோக்கர். ஓய்வு நேரத்தில் தொல்லியல் ஆராய்ச்சி வேறு! அவர் யோசனை எளிமையானது. விபத்துக்கு முந்தைய விற்பனையை எடு, விபத்துக்குப் பிந்தைய விற்பனையை எடு, குறைந்தது எவ்வளவு என்று பார். குறைந்த விற்பனைக்கு உரிய நிகர லாபமும், நிற்காமல் ஓடும் நிலையான செலவுகளும் சேர்ந்ததுதான் நஷ்டம். காமர்ஸ் படித்த யாருக்கும் இது உடனே புரியும். "லாஸ் ஆஃப் ப்ராஃபிட்ஸ்" பாலிசி இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் கம்பெனிகள் இதற்கு ஒரு நிபந்தனை வைத்தன. முதலில் உங்கள் இடத்தில், உங்கள் சொத்தில் ஏதாவது சேதமாகியிருக்க வேண்டும். அந்தச் சேதத்துக்குத் தீ பாலிசியில் க்ளெய்ம் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். அப்புறம்தான் லாப நஷ்டம். சேதம் இல்லையென்றால் லாபமும் இல்லை. "சேதம்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் இனி வரப்போகும் எல்லாத் தகராறுக்கும் காரணம்.

ஆலைகள் தங்கள் நீராவி இயந்திரத்தை விட்டுவிட்டு வெளியிலிருந்து மின்சாரம் வாங்க ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. ஆலையில் எல்லாம் நன்றாக இருக்கிறது, தீப்பிடித்தது மின் நிலையத்தில். சேதம் அங்கே, நஷ்டம் இங்கே. இதற்கு ஒரு நீட்டிப்பு சேர்த்தார்கள்: மின்சாரம், எரிவாயு, தண்ணீர் தரும் நிறுவனத்தின் இடத்தில் இன்ஷூர் செய்த ஆபத்தால் சேதம் வந்தால், அதை உங்கள் இடத்திலேயே வந்த சேதம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். கவனியுங்கள், சேதம் வேண்டும் என்ற நிபந்தனையை எடுக்கவில்லை. சேதம் நடக்க வேண்டிய இடத்தைத்தான் மாற்றினார்கள்.

பர்மிங்ஹாமில் 14½ மணி நேரம்

இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் என்ன, கரண்டை நிறுத்தியவன் மேல் கேஸ் போடலாமே என்று தோன்றும். வங்கிகள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ஸி எடுத்த பிறகு எங்களையும் பரீட்சை எழுதச் சொன்னார்கள். அந்தப் படிப்பின்போது கண்ணில் பட்டது ஸ்பார்டன் ஸ்டீல் வழக்கு.

1969 ஜூன் 12. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 24 மணி நேரமும் ஓடும் ஒரு சிறிய உருக்காலை. பக்கத்தில் சாலை வேலை செய்த மார்ட்டின் என்ற கான்ட்ராக்டரின் ஆட்கள் இயந்திரத்தால் தோண்டியபோது ஆலைக்குப் போகும் கேபிளை அறுத்துவிட்டார்கள். 14½ மணி நேரம் கரண்ட் இல்லை. உலையில் அப்போது உருகிக்கொண்டிருந்த உலோகம் இறுகி உலையையே கெடுத்துவிடும் என்பதால் அவசரமாக வெளியே எடுத்தார்கள். அதில் மதிப்புக் குறைந்தது 368 பவுண்டு. அந்த உருக்கை முடித்து விற்றிருந்தால் வந்திருக்கும் லாபம் 400 பவுண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் இன்னும் நான்கு உருக்கு எடுத்திருக்கலாம், அதன் லாபம் 1,767 பவுண்டு. ஆக மொத்தம் 2,535.

அலட்சியம் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் 1972-ல் அப்பீல் கோர்ட் கொடுத்தது 768 பவுண்டுதான். உலையில் இருந்த உருக்குக்கு மட்டும். எடுக்க முடியாமல் போன நான்கு உருக்குக்குப் பைசா கிடையாது. ஏனென்றால் அங்கே எந்தப் பொருளும் சேதமாகவில்லை, வெறும் பண நஷ்டம். மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் முழுத் தொகையும் தரவேண்டும் என்று மாறுபட்டார்.

லார்ட் டென்னிங் சொன்ன காரணங்களைப் படித்தபோது, ஏதோ ஆக்ராவில் உட்கார்ந்து எழுதினாரோ என்று தோன்றியது. சாராம்சம் இது: கரண்ட் போவது எல்லோருக்கும் வருவது. மக்கள் சகித்துக்கொள்கிறார்கள். சிலர் மாற்று ஏற்பாடு வைத்துக்கொள்கிறார்கள், சிலர் இன்ஷூரன்ஸ் எடுக்கிறார்கள். இதற்கெல்லாம் வழக்குப் போடலாம் என்று திறந்துவிட்டால் க்ளெய்முக்கு முடிவே இருக்காது. நஷ்டத்தை ஒருவர் தலையில் கட்டுவதைவிட, ஆளுக்குக் கொஞ்சமாக எல்லோரும் தாங்குவதே மேல்.

இது ஏதோ பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1998 செப்டம்பர் 25-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், லாங்ஃபோர்டில் எஸ்ஸோ நிறுவனத்தின் எரிவாயு ஆலை வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் மாநிலம் முழுவதும் கேஸ் இல்லை. ஆலைகள் மூடிக் கிடந்தன. வழக்கு 2003-ல் தீர்ப்பானபோது, வெறும் பண நஷ்டத்துக்கு எஸ்ஸோ பொறுப்பில்லை என்றே கோர்ட் சொன்னது. 30 வருடம் கழித்தும் அதே கோடு.

ஆக, சட்டம் கைவிட்டு "இன்ஷூரன்ஸிடம் போ" என்கிறது. போவோம்.

இந்திய வாசகம்

1973 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பொது இன்ஷூரன்ஸ் தேசியமயம். 107 கம்பெனிகள் நான்காயின. தீ இன்ஷூரன்ஸில் என்ன விலை, என்ன வாசகம் என்பதை டாரிஃப் கமிட்டி நிர்ணயித்தது. கம்பெனி மாறினாலும் வாசகம் மாறாது. 2007 ஜனவரி 1-ல் டாரிஃப் போனபோது சுதந்திரம் கிடைத்தது விலைக்குத்தான். வாசகங்கள் பெரும்பாலும் பழையபடியே தொடர்ந்தன.

அந்தப் பழைய தீ பாலிசியில், பொதுவான விலக்குகளின் பட்டியலில் ஒரு வரி உண்டு: குளிர்பதனக் கிடங்கில் வெப்பநிலை மாறியதால் சரக்குக்கு வரும் சேதம் கிடையாது. கூடுதல் ப்ரீமியம் கட்டினால் அதை இரண்டு விதமாகத் திரும்ப வாங்கலாம். ஒன்று, உங்கள் இடத்தில் இருக்கும் குளிர்பதன இயந்திரம் இன்ஷூர் செய்த ஆபத்தால் சேதமாகி, அதனால் வெப்பநிலை மாறினால். இன்னொன்று, மின் நிலையத்தின் வளாகத்தில் இன்ஷூர் செய்த ஆபத்தால் சேதம் வந்து, அதனால் தற்செயலாகக் கரண்ட் போனால்.

இது சாதாரண விஷயம் இல்லை. ஆக்ராவைச் சுற்றி உருளைக்கிழங்குக் கிடங்குகள்தான். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. 50 கிலோ மூட்டையை இங்கே "பாக்கெட்" என்பார்கள். கிடங்கில் ஏற்றினால் அக்டோபர், நவம்பர் வரை இருக்கும். 2 முதல் 4 டிகிரி வரை குளிர் வேண்டும். கிழங்கு உயிருள்ள பொருள். அது மூச்சு விடும், சூட்டை வெளியிடும். இயந்திரம் நின்றால் சில மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது, சுவரும் சரக்கும் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். நாள் கணக்கில் நின்றால் முளைவிடும். மறுபடி குளிரூட்டும்போது ஈரம் படிந்து அழுகும். ஒரு கிடங்கில் அழுகுவது நூற்றுக்கணக்கான விவசாயிகளின் வருமானம், அதன் மேல் நாங்கள் கொடுத்த கடன். அதற்காகவே உருளைக்கிழங்குக்கென்று தனி பாலிசி இங்கே விற்கிறார்கள்.

பெரிய கிடங்குகள் சமாளித்துக்கொள்ளும். அடிபடுவது சின்ன ஆட்கள். என் கிளையில் கடன் வாங்கிய ஒருவருக்குச் சின்ன ஐஸ்கிரீம் யூனிட். கூடுதல் ப்ரீமியம் கட்டி, மேலே சொன்ன இரண்டாவது நீட்டிப்பு எடுத்திருந்தார். மே மாதம், கல்யாண சீசன். தெருமுனைக் கம்பத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, மாற்ற மூன்று நாள் ஆனது. அவருடைய சின்ன ஜெனரேட்டர் முதல் நாளிலேயே மக்கர் செய்தது. சரக்கு மொத்தமும் கூழ். சர்வேயர் வந்தார், தன்மையான மனிதர். பாலிசியைப் பிரித்து "மின் நிலையத்தின் வளாகத்தில்" என்ற வார்த்தைகளைக் காட்டினார். கம்பத்து டிரான்ஸ்ஃபார்மர் மின் நிலைய வளாகம் இல்லை. தவிர, அது தானாக உள்ளுக்குள்ளே எரிந்தது, வெளியிலிருந்து தீ வரவில்லை. க்ளெய்ம் இல்லை.

அவர் என்னிடம் வந்து கேட்டது: "சாப், மின் நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குக் கரண்ட் அந்தக் கம்பத்திலிருந்துதானே வருகிறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சர்வேயர் படித்ததிலும் பிழை இல்லை. உள்ளூரில் கரண்ட் போவது பெரும்பாலும் கம்பத்திலும் கம்பியிலும். பாலிசி பார்ப்பது மின் நிலையத்தை.

எதுவும் உடையாத இருட்டு

இனி பெரிய இருட்டுகளுக்கு வருவோம். 2003 ஆகஸ்ட் 14-ல் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக 5 கோடிப் பேருக்குக் கரண்ட் போனது. ஒஹையோவில் சுமை ஏறித் தொய்ந்த கம்பிகள் மரத்தில் பட்டதில் ஆரம்பித்து, சரசரவென்று ஒவ்வொரு மின் நிலையமாகத் தன்னைத் தானே துண்டித்துக்கொண்டது. துண்டித்துக்கொண்டதே இயந்திரம் கெடாமல் இருக்கத்தான்.

நியூஜெர்சியில் வேக்ஃபெர்ன் என்ற சூப்பர்மார்க்கெட் கூட்டுறவு. கெட்டுப்போன உணவுப் பொருளுக்கு க்ளெய்ம் கேட்டது. லிபர்ட்டி மியூச்சுவல் கம்பெனி மறுத்தது. மின் கட்டமைப்பில் சேதம் எங்கே, எல்லாம் பத்திரமாகத்தானே நின்றது என்பது அதன் வாதம். 2009-ல் அப்பீல் கோர்ட் சூப்பர்மார்க்கெட் பக்கம் நின்றது. "பௌதிக சேதம்" என்ற சொல்லுக்குப் பாலிசியில் விளக்கம் இல்லை, இரண்டு அர்த்தம் வருகிறது. கரண்ட் கொடுப்பதற்கென்றே இருக்கும் கட்டமைப்பு கரண்ட் கொடுக்க முடியாமல் நின்றால், சாதாரண மனிதன் அதைச் சேதம் என்றுதான் புரிந்துகொள்வான் என்றது. எனக்குப் பிடித்த தீர்ப்பு. ஆனால் அது ஒரு மாநிலத்தின், ஒரு பாலிசியின் தீர்ப்பு. எல்லா இடத்திலும் அப்படி வராது. 2020-ல் கொரோனாவுக்குக் கடை மூடியவர்கள் இதே வார்த்தையோடு அமெரிக்க கோர்ட்டுகளுக்குப் போய், பெரும்பாலும் தோற்றே வந்தார்கள்.

நம் நாட்டில் 2012 ஜூலை 30 அதிகாலை வடக்குக் கட்டமைப்பு விழுந்தது. மறுநாள் பகல் ஒரு மணி வாக்கில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. 60 கோடிப் பேர் வாழும் பகுதி. உலகம் அதுவரை பார்த்ததிலேயே பெரிய இருட்டு. விசாரணைக் குழு கண்டது என்ன? பினா–குவாலியர்–ஆக்ரா மின்பாதையில் அளவுக்கு மீறிய சுமை. கம்பியில் கோளாறே இல்லை. அந்த அதிகச் சுமையையே கோளாறு என்று எடுத்துக்கொண்டு ரிலே பாதையைத் துண்டித்தது. அவ்வளவுதான். எங்கேயும் தீ இல்லை, வெடிப்பு இல்லை. மின் நிலையத்தில் தீயால் சேதம் வேண்டும் என்று கேட்கும் நம் பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு எதைக் காட்டி க்ளெய்ம் கேட்பது? 2025 ஏப்ரல் 28-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோதும் இதே கதைதான். மின்னழுத்தம் ஏறி வரிசையாகத் துண்டித்துக்கொண்டதுதான் காரணம்.

நம்ம ஊர்க் கதை இன்னும் ஒரு படி மேல். தமிழ்நாட்டில் 2008 நவம்பரில் உயர் அழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு ஆரம்பித்தது. கட்டுப்பாடுகள் முழுவதும் நீங்க 2015 ஆனது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வெட்டு. கோவை, திருப்பூர் பக்கம் எத்தனை பட்டறைகள் நொடித்தன என்பது அங்கே சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும். அது விபத்தே இல்லை, முடிவு. போதாத மின்சாரத்தைப் பங்கு போடுவது. மின்வெட்டு, பங்கீடு, விநியோக நிறுவனம் வேண்டுமென்றே நிறுத்துவது இவையெல்லாம் இந்த வகைப் பாலிசிகளில் வழக்கமாகவே விலக்கு. ஆக, நம் சிறுதொழிலை அதிகம் அழித்த மின்தடை எதுவோ, அதற்கு எந்த பாலிசியும் இல்லை.

ஏன் இப்படி?

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை மட்டும் திட்டி முடிக்க எனக்கு மனமில்லை. தீ ஒரு வீட்டில் பிடிக்கும், மற்ற ஆயிரம் வீட்டுப் ப்ரீமியத்தில் அந்த ஒருவருக்குக் கொடுக்கலாம். கட்டமைப்பு விழுந்தால் ஆயிரம் பேருக்கும் ஒரே நாளில் க்ளெய்ம். எல்லா டெபாசிட்தாரரும் ஒரே காலையில் கவுண்டருக்கு வந்தால் எந்த வங்கியும் தாங்காது. அது மாதிரிதான்.

வேடிக்கை என்னவென்றால், டென்னிங் சொன்னதும் இதே உண்மைதான். எல்லோருக்கும் வருகிற நஷ்டம், அதனால் அவரவர் தாங்கட்டும் என்றது கோர்ட். எல்லோருக்கும் சேர்ந்து வருகிற நஷ்டம், அதனால் எங்களால் தாங்க முடியாது என்கிறது இன்ஷூரன்ஸ். இரண்டு கதவும் ஒரே காரணத்தைச் சொல்லித்தான் மூடுகின்றன. நடுவில் நிற்பவர் ஐஸ்கிரீம்காரர்.

மின்சாரம் தருபவரிடம் கேட்கலாமா? 2003-ம் வருட மின்சாரச் சட்டமும், 2020-ல் வந்த நுகர்வோர் உரிமை விதிகளும் சேவை தவறினால் நஷ்டஈடு உண்டு என்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அது சேவைக் குறைவுக்கான அபராதம் மாதிரி. தொகை சிறியது, போன லாபத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. 2021 ஏப்ரலில் சிறு, குறு தொழில்களுக்கென்று வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம், பாரத் லகு உத்யம் பாலிசிகள் படிக்க எளிமையானவை. ஆனால் அவையும் அடிப்படையில் சொத்துக்குத்தான், லாபத்துக்கு இல்லை. அமெரிக்காவில் சில வருடங்களாக வேறு வழியில் போகிறார்கள்: இத்தனை மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் இத்தனை பணம், என்ன உடைந்தது என்ற கேள்வியே கிடையாது. இங்கே அது சின்னக் கடை வரைக்கும் வந்தால் நன்றாக இருக்கும்.

அதுவரைக்கும் நம் நாட்டு இன்ஷூரன்ஸ் டீசல் ஜெனரேட்டர்தான். எங்களுக்கு வரும் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் அது ஒரு நிரந்தர வரி. அதற்கான கடனும் வட்டியும் டீசலும்தான் சிறுதொழில் கட்டும் உண்மையான ப்ரீமியம். வசதி உள்ளவர் பெரிய ஜெனரேட்டர் வாங்குகிறார், இல்லாதவர் கூழான சரக்கை அள்ளிக் கொட்டுகிறார்.

பாலிசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுப்பிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, சேதம் எங்கே நடந்தால் கணக்கு: மின் நிலையத்திலா, சப் ஸ்டேஷனிலா, என் தெருக் கம்பத்திலும் உண்டா? இரண்டு, எதனால் நடந்தால் கணக்கு: தீ மட்டுமா, டிரான்ஸ்ஃபார்மர் தானாக எரிந்தாலும் உண்டா? மூன்று, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு கணக்கு ஆரம்பிக்கிறது? பதிலை வாயால் வாங்காதீர்கள், பாலிசியில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். என் டேபிளுக்கு வருபவர்களிடம் இப்போது நானே அந்த வரியைப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிடுகிறேன்.

கரண்ட் போனதற்கு க்ளெய்ம் வாங்கியவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்து இருந்தால் எழுதுங்கள். எந்த வாசகத்தில் கிடைத்தது என்று தெரிந்தால் நாலு பேருக்கு உதவும்.